நாணம் எது, நடுக்கம் எது?

பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்து, சென்டாக் பட்டியலில் பிள்ளையின் பெயரும் வந்துவிட்டால், வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளிலுள்ள நம் வீடுகளில் அன்று பெருநாள்தான். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இனிப்புப் போகிறது. பள்ளிவாசலில் அத்தாவைப் பார்ப்பவர்கள் கை கொடுத்து வாழ்த்துகிறார்கள். "எங்கள் குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதிக்கிற முதல் பிள்ளை" என்று சொல்லும்போது தாயின் குரல் தழுதழுக்கிறது. எல்லாம் மகிழ்ச்சிக்குரியவைதாம். ஆனால் கல்லூரி திறந்து மூன்று வாரம் சென்றபின் அதே வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

பிள்ளை வீட்டில் வாய் திறப்பதில்லை. காலையில் ஒரு பிடி சோறு இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மஃரிபுக்குப் பிறகு முகம் வாடிவிடுகிறது. "என்னப்பா?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற பதில்தான் வருகிறது. ஒரு நாள் திடீரென்று, "நான் இனிமேல் போகவில்லை, கடையிலேயே இருந்துவிடுகிறேன்" என்கிறான். அத்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "ஆம்பளைப் பிள்ளை இப்படியா பயந்து சாவது? அல்லாஹ் மேலே நம்பிக்கை இல்லையா உனக்கு?" என்று இரைகிறார். அம்மா குறுக்கே வந்து, "அவன் சின்ன வயசிலிருந்தே கூச்ச சுபாவம். வெட்கப்படுகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை, விடுங்கள்" என்கிறார்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே தீன் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய கேள்வி மறைந்து கிடக்கிறது. அச்சம் ஈமானின் குறைபாடு என்பது தந்தையின் எண்ணம். தவக்குல் உள்ளவனுக்குப் பயம் ஏது என்று அவர் கேட்கிறார். கூச்சம் ஈமானின் அடையாளம் என்பது தாயின் எண்ணம். வெட்கம் ஈமானின் கிளைகளில் ஒன்று என்று பெருமானார் (ஸல்) அவர்களே அருளியிருக்கிறார்களே என்று அவர் ஆறுதல் தேடுகிறார். இருவரும் மார்க்கத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். ஆயினும் இருவர் சொல்வதும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாதன்றோ? ஐயம் தோன்றியும் கேட்காமல், கேட்கத் தோன்றியும் எழாமல், கடைசி பெஞ்சில் அமர்ந்து மூன்றாண்டுகளைத் தள்ளிவிடும் மாணவன் வெட்கமுள்ளவனா, கோழையா? இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது வெறும் வாதத்திற்காக அல்ல. முதல் செமஸ்டரின் மௌனம் அரியராகி, அரியர் இரண்டாகி நான்காகி, கடைசியில் பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்கு அனுப்பிவைப்பதில் முடிந்த கதைகள் நம் மஹல்லாக்களில் ஒன்றிரண்டல்ல.

முதலில் பிள்ளையின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். பாகூர் புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலிருக்கிறது. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகமோ, நகரைத் தாண்டி வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் இருக்கிறது. ஏரிப்பாசனத்து நெல்வயலை விட்டுப் புறப்படும் பிள்ளை நகரத்துப் பேருந்து நிலையத்தில் இறங்கி, வேறு பேருந்து பிடித்து, ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தால், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் கேரளத்திலிருந்தோ, வடமாநிலங்களிலிருந்தோ வந்தவர். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. நகரிலுள்ள தாகூர் கலைக் கல்லூரியிலும் (1961), பாரதிதாசன் அரசினர் மகளிர் கல்லூரியிலும் (1968) இடம் கிடைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை சற்றுக் குறைவு. அங்கே பேச்சுத் துணைக்குத் தமிழாவது இருக்கிறது. ஆயினும் வில்லியனூர்ப் பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லி அழைத்த ஆசிரியர்களிடையே வளர்ந்த பிள்ளைக்கு, தன் பெயரே தெரியாத ஒரு பேராசிரியரின் முன்னே எழுந்து நிற்பது எளிதான காரியமா?

அதற்கும் மேலே ஒன்றுண்டு. 2006-ல் வெளியான நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை, நாட்டின் முதன்மையான கல்லூரிகளில் இளநிலை மாணவர்களில் 25 பேருக்கு ஒருவரும், முதுநிலை மாணவர்களில் 50 பேருக்கு ஒருவருமே முஸ்லிம்கள் என்று கணக்கிட்டது. அதாவது, ஒரு வகுப்பறையில் நம் பிள்ளை பெரும்பாலும் தனியாள். தலைமுக்காடு அணிந்து செல்லும் பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவள் வாய் திறக்கும் முன்பே நாலு பேர் திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள். தான் தவறாகப் பேசினால் அது தன் ஒருத்தியின் தவறாக இராது, "இவர்களே இப்படித்தான்" என்றாகிவிடுமோ என்று அஞ்சுகிறாள். இந்த அச்சத்திற்குக் காரணமே இல்லை என்று சொல்பவர்கள் தனியாளாக ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்லர்.

ஊர்ப்பெயரைச் சொல்லவே கூசுகிற பிள்ளைகளும் உண்டு. "எந்த ஊர்?" என்று கேட்டால் "பாண்டிச்சேரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பாகூர்ப் பிள்ளை அப்படிக் கூசுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், அவ்வூரிலிருந்த வித்யாஸ்தானம் என்னும் உயர்கல்விச் சாலைக்கு மூன்று கிராமங்களைக் கொடையளித்த செய்தியைத் தருகின்றன. அது வேதமும் சாத்திரமும் கற்பித்த இடம், நம் மதரஸா அல்ல என்பது மெய்தான். ஆனாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்விக்குப் பெயர் பெற்றிருந்த ஊரிலிருந்து இன்று ஒருவன் கல்விக்காகப் புறப்படும்போது தலையைக் குனிந்துகொண்டு புறப்பட என்ன இருக்கிறது?

நம் மார்க்க வரலாற்றிலும் இதற்கோர் அழகிய உதாரணம் உண்டு. ஹிஜ்ரி 649-ல் ஒரு தந்தை தம் மகனைச் சிற்றூர் ஒன்றிலிருந்து டமாஸ்கஸ் மாநகருக்குப் படிக்க அழைத்து வந்தார். மகனுக்கு அப்போது வயது 18 அல்லது 19. நம் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் அதே வயது. நகரத்தில் உறவில்லை, வீடில்லை. ரவாஹிய்யா மதரஸாவில் தங்கி, அங்கே கொடுத்த ரொட்டியைத் தின்று படித்தார். அவரே பின்னாளில் ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களில் இன்றும் மார்க்கச் சட்டம் பயில்வோர் அவர்களின் மின்ஹாஜைப் புரட்டாமல் இருக்க முடியாது. அந்த இமாமை உலகம் எந்தப் பெயரால் அறிகிறது? நவா என்பது அவர்கள் பிறந்த சிற்றூர். நவவி என்றால் நவா ஊர்க்காரர். படித்த மாநகரத்தின் பெயரை அல்ல, விட்டு வந்த கிராமத்தின் பெயரையே அவர்கள் இன்றளவும் சுமந்து நிற்கிறார்கள்.

இமாம் நவவியின் பேச்சை எடுத்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட கேள்வியை அவர்களும் தம் விரிவுரையில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் போகுமுன் இரண்டு ஹதீஸ்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் அறிவிப்பவர் ஒருவரே. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் அருமை மைந்தர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள்தாம் அவர்.

முதல் ஹதீஸ்: அன்ஸாரிகளில் ஒருவர் தம் சகோதரரை, ஏன் இவ்வளவு வெட்கப்படுகிறாய் என்று கடிந்துகொண்டிருந்தார். அவ்வழியே சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், அவரை விட்டுவிடுமாறு சொல்லி, வெட்கம் ஈமானைச் சேர்ந்தது என்று தெரிவித்தார்கள். தாயின் பக்கம் வென்றுவிட்டதாகத் தோன்றுகிறதல்லவா?

இரண்டாவது ஹதீஸ்: ஒரு சபையில் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் ஒரு புதிர் போட்டார்கள். இலை உதிராத மரம் ஒன்றுண்டு, அது முஸ்லிமுக்கு உவமை, அது எது என்று கேட்டார்கள். எல்லாரும் பாலைவனத்து மரங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். இப்னு உமருக்கு அது பேரீச்ச மரம் என்று மனத்தில் பட்டுவிட்டது. ஆனால் சபையில் பத்துப் பேர். அவர்களில் தாமே இளையவர். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியவர்களே மௌனமாக இருக்கிறார்கள். வெட்கம் தடுத்துவிட்டது. வாய் திறக்கவில்லை. பிறகு நாயகம் (ஸல்) அவர்களே விடையைச் சொன்னார்கள். வெளியே வந்தபின் தந்தையிடம் இதைத் தெரிவித்தபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வங்களைவிட அது எனக்குப் பிரியமாக இருந்திருக்கும் என்ற கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் சொன்னார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைக் கல்வி பற்றிய பாகத்தில், கல்வியில் வெட்கம் என்ற தலைப்பின் கீழ் பதிவு செய்திருக்கிறார்கள்.

விடை தெரிந்தும் சொல்லாத மாணவன்! நம் கல்லூரிகளின் கடைசி பெஞ்சில் ஒவ்வொரு நாளும் நடப்பது இதுவே. இப்போது தந்தையின் பக்கம் வென்றுவிட்டதா?

வெட்கம் முழுக்க முழுக்க நன்மைதான் என்றால், அதன் காரணமாகச் சிலர் உண்மையைச் சொல்லாமலும் கடமையைச் செய்யாமலும் இருந்துவிடுகிறார்களே என்ற ஐயத்தை இமாம் நவவி (ரஹ்) எழுப்பிக்கொண்டு, தமக்கு முன் டமாஸ்கஸில் வாழ்ந்த ஹதீஸ் மேதை இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களின் விடையை எடுத்துத் தருகிறார்கள். சுருக்கம் இதுதான்: அப்படி நன்மையைத் தடுப்பது வெட்கமே அல்ல. அது இயலாமை, மனத்தளர்ச்சி. வெளித்தோற்றத்தில் வெட்கம் போலிருப்பதால் மக்கள் வழக்கில் அதற்கும் வெட்கம் என்றே பெயர் வந்துவிட்டது. மெய்யான வெட்கமோ தீயதை விட்டுவிடத் தூண்டும். ஒருவருக்குச் சேரவேண்டிய உரிமையில் குறைவைப்பதைத் தடுக்கும்.

ஆக, ஒரே பெயரில் இரண்டு சரக்குகள் நம் வீட்டில் இருக்கின்றன. எப்படிப் பிரித்தறிவது? உள்ளே ஏற்படும் உணர்வைக் கொண்டு பிரிக்க முடியாது. இரண்டிலும் முகம் சிவக்கிறது. இரண்டிலும் நெஞ்சு படபடக்கிறது. வேறோர் உரைகல் எனக்குத் தோன்றுகிறது. வகுப்பில் கேள்வி கேட்கக் கூசுகிற அதே பிள்ளை, வகுப்பு முடிந்து நண்பர்கள் கூப்பிடும்போது என்ன செய்கிறான் என்று பாருங்கள். புதுவையில் மதுக்கடைக்குப் பஞ்சமில்லை. வெளியூர்க்காரர்கள் அதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். "சும்மா வந்து உட்காரடா, நீ குடிக்க வேண்டாம்" என்று முதல்நாள் அழைக்கிறார்கள். மறுத்தால் சிரிப்பார்களே என்று போய் உட்காருகிறான். இரண்டாம் நாள் குவளை கைக்கு வருகிறது. அப்போதும் அதே கூச்சம்தான். "வேண்டாம்" என்ற நான்கெழுத்து வாயில் வரவில்லை. ஆசிரியர் முன்னே கை தூக்கவிடாமல் தடுத்ததும், நண்பர் முன்னே கை நீட்ட வைத்ததும் ஒன்றே. தீமையின் வாசலில் உதவிக்கு வராத ஒன்றை ஈமானின் கிளை என்று எப்படிச் சொல்வது? அம்மா இதை யோசித்துப் பார்க்க வேண்டும். கூச்சமுள்ள பிள்ளை கெட்டுப்போகாது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரூன்றிக் கிடக்கிறது. எந்தக் கூச்சம் என்று கேட்பதில்லை.

தாபிஈன்களில் திருமறை விரிவுரைக்குப் பெயர்பெற்ற முஜாஹித் (ரஹ்) அவர்கள், வெட்கப்படுபவனும் பெருமையடிப்பவனும் கல்வியைப் பெறமாட்டார்கள் என்ற கருத்தைச் சொல்லியிருப்பதாக இமாம் புகாரி (ரஹ்) அதே தலைப்பின் தொடக்கத்தில் குறிக்கிறார்கள். வெட்கப்படுபவனையும் பெருமைக்காரனையும் ஏன் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள்? ஒருவன் குனிந்து நிற்கிறான், மற்றவன் நிமிர்ந்து நிற்கிறானே! சற்று ஆழ்ந்து நோக்கினால் விளங்கும். பெருமைக்காரன், "இதைக் கேட்டால் என் மதிப்பு என்னாவது?" என்று நினைக்கிறான். கூச்சக்காரன், "இதைக் கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்று நினைக்கிறான். இருவர் கண்ணும் கரும்பலகையில் இல்லை. தங்கள் மீதே இருக்கிறது. உண்மையில் வகுப்பிலுள்ள மற்ற நாற்பது பேரும் அவரவர் கவலையில் மூழ்கிக் கிடக்கிறார்கள். நம்மைப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்? பக்கத்திலிருக்கும் கேரளத்துப் பிள்ளையும் தன் ஆங்கிலத்தை நினைத்து உள்ளுக்குள் உதறிக்கொண்டிருக்கலாம். அது நம் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

இந்த இடத்தில் தொழுகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஜும்ஆ நேரத்தில் வகுப்பு வந்துவிடுகிறது. பேராசிரியரிடம் போய், "ஐயா, வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் எனக்கு அனுமதி வேண்டும்" என்று கேட்க வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை. மரியாதையோடு கேட்கும் மாணவனின் மீது மதிப்பே கூடுகிறது. ஆனால் கேட்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒரு வெள்ளி போகிறது, இரண்டு வெள்ளி போகிறது. மனிதர்களுக்காக நற்செயலை விட்டுவிடுவதும் முகஸ்துதியே என்று ஃபுளைல் இப்னு இயாழ் (ரஹ்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பார்க்கட்டும் என்று தொழுவதை மட்டுமே நாம் முகஸ்துதி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பார்ப்பார்களே என்று விடுவதும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. தந்தையின் கோபத்துக்கு இங்கே கொஞ்சம் நியாயம் உண்டு.

பெண்பிள்ளைகளுக்கு ஹஜ்ரத் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களைச் சொல்ல வேண்டும். அனஸ் (ரலி) அவர்களின் அன்னையாகிய அவர்கள், பெண்களின் குளிப்புக் கடமை குறித்து மற்றவர்கள் கேட்கத் தயங்கிய ஒரு கேள்வியை, உண்மையைக் கேட்பதில் வெட்கமில்லை என்ற முன்னுரையோடு நாயகம் (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். உடனிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வெட்கத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளாமல் விடை பகர்ந்தார்கள். அந்த ஒரு கேள்வியால் இன்றுவரை உலகத்துப் பெண்கள் அனைவரும் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். மார்க்கத்தைக் கற்க வெட்கம் தடையாக இல்லை என்பதற்காக அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். முகம் மூடிக்கொண்டவர்களும் கேட்டவர்களும் இருவருமே நமக்குக் கண்ணியத்திற்குரிய ஸஹாபிப் பெண்மணிகள்தாம். முக்காட்டுக்கும் மௌனத்துக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னதனால், நடுங்கும் பிள்ளையை ஈமான் குறைந்தவன் என்று முத்திரை குத்திவிடலாம் என்று அத்தா எழுந்துவிட வேண்டாம். அச்சத்தை உணர்வது குற்றமாக இருந்தால் நபிமார்களின் வரலாறு வேறு விதமாக இருந்திருக்கும். ஃபிர்அவ்னிடம் போகுமாறு கட்டளை பிறந்தபோது ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள் என்ன செய்தார்கள்? தம் அச்சத்தை மறைக்கவில்லை. உள்ளத்தை விரிவாக்கித் தருமாறும், நாவின் முடிச்சை அவிழ்த்து விடுமாறும் இறைஞ்சினார்கள். தம்மைவிடப் பேச்சுத் தெளிவுள்ள சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குத் தரக் கேட்டார்கள். இறைவன் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. கேட்டதைக் கொடுத்தான். பின்னர் சூனியக்காரர்களின் கயிறுகள் நெளிந்தபோதும் அவர்கள் மனத்தில் அச்சம் தோன்றியதைத் திருமறை மறைக்காமல் சொல்கிறது. அஞ்சினார்கள், ஆயினும் போனார்கள். தவக்குல் என்பது பயமே இல்லாத நெஞ்சு என்று நம் வீடுகளில் பரவியிருக்கும் எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

நாக்கு எழாமற்போவது அறியாமையின் அடையாளமும் அல்ல. ஹிஜ்ரி 488-ல் (கி.பி. 1095), பக்தாதின் நிஜாமிய்யாவில் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கே அது நேர்ந்தது. மாணவர் முன் அமர்ந்து ஒரு சொல்லாவது சொல்ல முயன்றும் நாவு அசையவில்லை. உணவு இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் என்று சொல்லி வைத்தியர்கள் கைவிட்டார்கள். இதைத் தம் 'அல்முன்கித்' நூலில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களின் காரணம் வேறு, நம் பிள்ளையின் காரணம் வேறு. ஆனாலும் "பேச வரவில்லை என்றால் படிப்பு வரவில்லை" என்று தீர்ப்பளிக்க அவசரப்படுபவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் வீட்டார் செய்ய வேண்டியது என்ன? ஹிராவிலிருந்து உடல் நடுங்க வந்த நாயகம் (ஸல்) அவர்களை அன்னை கதீஜா (ரலி) அவர்கள் எவ்வாறு வரவேற்றார்கள் என்பது நாம் மீலாது மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன செய்தி. ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை, அந்த நிலையோடு எதை ஒப்பிடுவது? வீட்டில் அச்சத்தை நடத்த வேண்டிய முறை அதில் இருப்பதால் சொல்கிறேன். முதலில் போர்த்திவிட்டார்கள். நடுக்கம் அடங்கும் வரை காத்திருந்தார்கள். பிறகு, பயப்பட ஒன்றுமில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி முடித்துவிடவில்லை. உறவைப் பேணுகிறீர்கள், பிறர் சுமையைச் சுமக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள் என்று அவர்களிடம் ஏற்கெனவே இருந்த குணங்களை எடுத்துச் சொன்னார்கள். அதற்கும் பிறகு, விஷயம் தெரிந்த வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். நம் வீடுகளில் முதல் படி கூட நடப்பதில்லை. பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்தால் போர்த்துவதற்கு முன் பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

விஷயம் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்வதில் வைத்தியரும் அடங்குவார். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடில்லை, கல்லூரி என்றாலே மூச்சு முட்டுகிறது என்றால், தாயத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். புதுவைக்காரர்களுக்கு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி ஆலோசனை 14416 என்ற எண்ணில் கிடைக்கிறது.

பிள்ளையின் அச்சத்திற்குக் காரணம் பிள்ளையிடமே இல்லாமலும் இருக்கலாம். 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரின் ராகிங் கொடுமையில் உயிரிழந்தார். அவர் ஒரு துணைவேந்தரின் மகன். கிராமத்துக் கூச்சமோ, ஆங்கிலம் தெரியாத குறையோ அங்கே காரணமில்லை. அதன் விளைவாகத் தமிழ்நாடு 1997-ல் ராகிங்கைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகளை வகுத்தது. அவ்விதிகளின்படி சேர்க்கையின்போது மாணவனும் பெற்றோரும் ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். அத்தா கையெழுத்துப் போடுகிறார், படித்துப் பார்ப்பதில்லை. துன்புறுத்தப்படும் பிள்ளையிடம் "தைரியமாக இரு" என்று உபதேசிப்பது அநியாயம். அங்கே துணிச்சல் காட்ட வேண்டியவர் பிள்ளையல்ல, புகார் எழுத வேண்டிய தந்தை.

எல்லாம் இருந்தும் வாய் திறக்க முடியாத பிள்ளைக்கும் ஒரு வழி இருக்கிறது. ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களுக்கு ஒரு சட்டம் தெரிய வேண்டியிருந்தது. நாயகத்தின் மருமகனாக இருந்தபடியால் அந்தக் கேள்வியை நேரில் கேட்க வெட்கமாக இருந்தது. கேளாமலும் விடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் சொன்னார்கள். விடை கிடைத்தது. இதையும் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் முன்சொன்ன ஹதீஸை அடுத்தே வைத்திருக்கிறார்கள். வகுப்பில் கேட்க முடியவில்லையா, வகுப்பு முடிந்தபின் ஆசிரியரின் அறையில் கேட்கலாம். அதுவும் முடியவில்லையா, தாளில் எழுதிக் கொடுக்கலாம், நண்பனைக் கேட்கச் சொல்லலாம். ஆங்கிலத்தில் வரவில்லையா, தமிழறிந்த ஆசிரியராயிருந்தால் தமிழிலேயே கேட்கலாம். மேலாண்டில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. வில்லியனூர் சுல்தான்பேட்டையிலிருந்து ஒரு பிள்ளை புதிதாக வந்திருக்கிறான் என்று தெரிந்தால், முதல் வாரத்திலேயே தேடிச் சென்று, நூலகம் எங்கே, தொழ இடம் எங்கே, எந்தப் பேருந்து நேரத்துக்கு வரும் என்று சொல்லிக் கொடுத்தால் பாதி நடுக்கம் அங்கேயே தீர்ந்துவிடும். மிக்தாதாக இருப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

மீண்டும் அந்தப் பேரீச்ச மர ஹதீஸுக்கு வருவோம். உமர் (ரலி) அவர்களின் கண்டிப்பு உலகம் அறிந்தது. அவர்கள் கையிலிருந்த பிரம்பு வரலாற்றில் இடம்பெற்றது. அப்படிப்பட்ட தந்தை, விடை தெரிந்தும் வாய்மூடி இருந்த மகனை என்ன செய்தார்கள்? கோழை என்று இகழவில்லை. இது ஈமானின் கிளைதானே என்று தட்டிக்கொடுத்து விட்டுவிடவும் இல்லை. நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு பிரியமாக இருந்திருக்கும் என்று தம் ஆசையை மட்டும் தெரிவித்தார்கள். அத்தாவின் கோபத்திலும் அம்மாவின் சமாதானத்திலும் கிடைக்காத ஒன்று அந்தப் பேச்சில் இருக்கிறது. மகன் இளையவன் என்பதையும், சபை பெரிது என்பதையும், அவன் பதில் அங்கே சொல்லத் தகுந்தது என்பதையும் அந்தத் தந்தை ஒருங்கே ஒப்புக்கொண்டார்கள்.

அன்று வாய் திறவாத அந்த இளைஞர் வழியாகப் பின்னாளில் 2,630 ஹதீஸ்கள் அறிவிக்கப்பட்டன. எண்ணிக்கையில் அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அடுத்த இடம் அவர்களுக்கே. முதிய வயதில் ஒருமுறை மதீனாவுக்குப் பயணம் சென்றபோது, மாணவர் ஒருவர் அவர்களுடன் போனார். வழிநெடுக அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி அறிவித்தது ஒரே ஒரு ஹதீஸ்தான் என்று அந்த மாணவர் சொல்கிறார். தாம் பேரீச்ச மரம் என்று சொல்லாமல் இருந்துவிட்ட அந்த நாளின் ஹதீஸ் அது. உடன் போன மாணவர், வெட்கப்படுபவன் கல்வியைப் பெறமாட்டான் என்று சொன்ன அதே முஜாஹித் (ரஹ்) அவர்கள்.